வராலோவின் சுரூபங்கள் ஓவியத்தை மறைக்கின்றனவா?

வட இத்தாலியில் வராலோ என்ற ஊருக்கு மேலே இருக்கும் சாக்ரோ மோந்தேவுக்கு, அதாவது இயேசுவின் வாழ்க்கையைச் சிற்றாலயங்களில் காட்டும் திருமலைக்கு, போய்வந்த ஒருவர் மூன்று படங்களைப் போட்டுக் கேட்டிருந்தார்: "சிற்றாலயங்களின் சுவர் முழுக்க அருமையான பிரெஸ்கோ ஓவியங்கள். அவற்றுக்கு முன்னால் நிஜ முடி ஒட்டி, கண்ணாடிக் கண் பதித்த ஆள் உயரப் பொம்மைகள். கிறிஸ்துமஸ் குடிலைப் பத்து மடங்கு பெரிதாக்கியது போல இருந்தது. இந்தப் பொம்மைகளை யார், எப்போது கொண்டுவந்து வைத்தார்கள்? ஓவியம் முழுதாகத் தெரியவே இல்லை. போதாததற்குத் தட்டி வேறு போட்டு, ஓட்டை வழியாகப் பார்க்கச் சொல்கிறார்கள். மூன்றாவது படத்தில், சுவரில் இருக்கிற கூட்டம் முன்னால் கிடக்கிற இயேசுவின் உடலைக் கண்டுகொள்ளவே இல்லையே, அது ஏன்?"

கேள்வி அந்தச் சுரூபங்களை, அதாவது அவர் பொம்மைகள் என்று சொன்ன திரு உருவங்களை, பற்றியது போலத் தெரிந்தாலும், அதற்குள் ஒரு முடிவு முன்கூட்டியே இருக்கிறது. சுவரோவியம்தான் மூலக் கலைப்படைப்பு, சுரூபங்கள் பிற்காலத்தில் பக்தர்கள் சேர்த்த இடைஞ்சல் என்பது அந்த முடிவு. நம் ஊர்ப் பழைய கோவில்களில் மூல ஓவியத்தின் மேல் பிற்காலத்தார் எனாமல் பெயிண்ட் அடித்ததைப் பார்த்துப் பழகிய யாருக்கும் அப்படித்தான் தோன்றும். வராலோவில் கதை வேறு. அங்கே சுரூபமும் ஓவியமும் ஒரே யோசனையின் இரண்டு பாதிகள். முக்கியமான இடங்களில் இரண்டுமே ஒரே மனிதரின் திட்டம். பிற்காலத்தில் வந்து சேர்ந்தது அந்தத் தட்டிதான். உங்களுக்கு எரிச்சல் வந்ததற்குக் காரணம் நீங்கள் நிற்க வைக்கப்பட்ட இடம் என்று நினைக்கிறேன். அதைத்தான் விளக்கப் பார்க்கிறேன். நான் சுவரோவியப் பாதுகாப்பு வேலையில் பயிற்சி பெற்றவன். சுண்ணாம்பும் காரையும் என் துறை. இத்தாலிய ஆவணங்களைத் தோண்டிப் படித்த வரலாற்றாசிரியன் இல்லை. ஆகவே சுவரைப் பற்றிச் சொல்வதைத் தைரியமாகச் சொல்வேன், ஆட்களைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் அடக்கி வாசிப்பேன்.

முதலில் இந்த மலை ஏன் இப்படி ஆனது என்று பார்க்கலாம். மிலானைச் சேர்ந்த பெர்னார்தினோ காய்மி என்ற பிரான்சிஸ்கன் துறவி புனித நாட்டில் பணிபுரிந்துவிட்டுத் திரும்பியவர். 1480-களில் ஒரு சாதாரண விவசாயியோ கைவினைஞரோ எருசலேமுக்குப் போய்வருவது ஏறக்குறைய நடக்காத காரியம். கடல் பயணச் செலவு, கொள்ளை, நோய், போதாததற்கு ஒட்டோமானியர்களுடன் போர். போக முடியாதவர்களுக்காக எருசலேமையே இங்கே கொண்டுவந்துவிடலாம் என்பது காய்மியின் எண்ணம். 1486-இல் திருத்தந்தையின் (போப்பின்) அனுமதி கிடைத்தது. கிறிஸ்துவின் கல்லறைச் சிற்றாலயம் 1491 அக்டோபரில் முடிந்தது. அதன் வாசல் கல்வெட்டு அவர் நோக்கத்தைப் பச்சையாகவே சொல்கிறது: பயணம் போக முடியாதவன் எருசலேமை இங்கே காணட்டும் என்பதற்காகவே இந்த இடங்களை அவர் வகுத்தார் என்று. அந்தக் கல்லறையின் வாசல் மிகத் தாழ்வானது. குனிந்துதான் நுழைய வேண்டும், எருசலேமில் செய்ய வேண்டியிருப்பதைப் போலவே. மண்ணைத் தோண்டும்போது, கிறிஸ்துவின் கல்லறையை மூடியிருந்த கல்லைப் போலவே ஒரு கல் கிடைத்ததாக ஒரு கதையும் உண்டு. அது மரபுக் கதை, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு தவறான கருத்தைத் திருத்த வேண்டும். பயண வழிகாட்டிகள் பலரும் வட இத்தாலியில் இருக்கும் இது போன்ற திருமலைகளை "புராட்டஸ்டண்ட் கருத்துகள் ஆல்ப்ஸைத் தாண்டி வராமல் தடுக்கக் கட்டிய அரண்" என்று சொல்வார்கள். பிற்காலத்து மலைகளுக்கு அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. வராலோவுக்குப் பொருந்தாது. லூத்தர் தன் கருத்துகளை வெளியிட்டது 1517-இல். வராலோவின் கல்லறைச் சிற்றாலயம் அதற்கு 26 வருடம் மூத்தது. தொடக்கத்தில் அங்கே யாருக்கும் எதிர்வாதம் செய்யும் நோக்கம் இல்லை. ஏக்கம்தான் இருந்தது.

காய்மியின் மலையில் கதை வரிசை கிடையாது, ஊர் வரைபடம்தான் உண்டு. இங்கே நாசரேத்து, அங்கே பெத்லகேம், மேலே இயேசு சிலுவையில் அறையப்பட்ட கல்வாரி என்று இடங்களாகவே அவர் பிரித்தார். ஆதாம் ஏவாளில் தொடங்கிக் கல்லறை வரை வாழ்க்கை வரலாறு போல எண் போட்டது பிற்காலத்து ஏற்பாடு. இதற்கு நூலகம் போக வேண்டியதில்லை, எண் பலகையே சாட்சி. 5-ஆம் சிற்றாலயம் மூன்று ஞானிகள், 6-ஆம் சிற்றாலயம் இயேசுவின் பிறப்பு. பிள்ளை பிறக்கும் முன்பே ஞானிகள் எப்படி வந்தார்கள்? பெத்லகேம் கட்டடத் தொகுதி முதலிலேயே இடத்தின் அமைப்பைப் பார்த்துக் கட்டப்பட்டுவிட்டது. பிறகு கதை வரிசைப்படி எண் போட வந்தவர்கள் நடைபாதையை மாற்ற முடியாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். மலையின் பழைய எலும்பு புதிய தோலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் இடம் அது. அங்கே போகும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

இனி சுரூபங்களுக்கு வருவோம். இந்த மலையின் மையமான மனிதர் கௌதென்சியோ பெர்ராரி. அதே வால்சேசியா பள்ளத்தாக்கில் வால்துஜ்ஜா என்ற ஊரில் பிறந்தவர், 1546-இல் மிலானில் இறந்தவர். மலை அடிவாரத்தில் சாந்தா மரிய தெல்லே கிராத்சியே என்ற பிரான்சிஸ்கன் ஆலயம் இருக்கிறது. மக்கள் நிற்கும் பகுதியையும் துறவிகளின் பகுதியையும் பிரிக்கும் பெரிய குறுக்குச் சுவரில் 1513-இல் அவர் கிறிஸ்துவின் வாழ்க்கையை 21 காட்சிகளாக வரைந்தார். நடுவில் பெரிதாகச் சிலுவைச் சாவு, சுற்றிலும் மற்றவை. நீங்கள் நேராக மலை ஏறிவிட்டிருந்தால் இதைத் தவறவிட்டிருப்பீர்கள். அது பெரிய நஷ்டம், ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் வீரர்களின் கவசங்களும் தலைக்கவசங்களும் சுவரைவிட்டுப் புடைத்து நிற்பது தெரியும். அந்த இடங்களை அவர் சுதையால் தூக்கிவைத்து அதன் மேல் பொன் பூசியிருக்கிறார். 1513-இலேயே இந்த மனிதருக்கு ஓவியம் சுவரோடு ஒட்டிக்கிடப்பது போதவில்லை. உருவங்கள் நம் பக்கம் வர வேண்டும் என்று அவர் கை அரித்திருக்கிறது.

அடுத்த சில ஆண்டுகளில் மலை மேல் கல்வாரிச் சிற்றாலயத்தில், இன்று 38 என்று எண் போட்டிருக்கும் சிலுவைச் சாவுக் காட்சியில், அவர் கடைசி அடியையும் எடுத்துவைத்தார். காலம் 1520-ஐ ஒட்டியது. சரியான வருடத்தைப் பற்றி அறிஞர்களிடையே இன்னும் வழக்கு இருக்கிறது. மரமும் சுடுமண்ணும் கலந்த ஆள் உயர உருவங்கள் தரையில் நிற்கின்றன. அதே கூட்டம் பின்னால் சுவரில் பிரெஸ்கோவாகத் தொடர்கிறது. குதிரைமேல் இருப்பவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், மேலே விதானத்தில் அழும் வானதூதர்கள். எந்த இடத்தில் மண் முடிகிறது, எந்த இடத்தில் வண்ணம் தொடங்குகிறது என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். சுவரோவியங்கள் கௌதென்சியோவின் கை என்பதில் சந்தேகம் எழுப்புபவர் இல்லை. சுரூபங்களில் எத்தனை அவரே செய்தது, எத்தனை அவர் வரைந்து கொடுத்து உடன் வேலை செய்தவர்கள் செய்தது என்பதில்தான் கருத்து வேற்றுமை. என் பார்வையில் அது இரண்டாம்பட்சம். முழு அறையையும் ஒருவர் ஒரே மூச்சில் யோசித்திருக்கிறார் என்பது உள்ளே நின்று பார்க்கும் எவருக்கும் தெரியும்.

உள்ளே நின்று என்று சொன்னேன் அல்லவா, முடிச்சு அங்கேதான் இருக்கிறது. கௌதென்சியோவின் காலத்தில் திருப்பயணிகள் அந்த அறைக்குள் நுழைந்து சுரூபங்களுக்கு நடுவே நடந்தார்கள். ஒரு பக்கம் மண்ணால் ஆன படைவீரன், மறுபக்கம் வண்ணத்தால் ஆன கூட்டம், நடுவில் ரத்தமும் சதையுமாக வால்சேசியாவின் விவசாயி. கல்வாரிக்கு வந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். அந்தப் பெண்கள் அழுவது அவர் தோளுக்குப் பக்கத்தில். சிலுவையைப் பார்க்க அவர் தலையை நிமிர்த்த வேண்டும், திரும்பினால் குதிரையின் முகத்தில் முட்டிக்கொள்ள வேண்டும். இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகம் நடக்கும் ஊர்களில் மேடையைவிட்டு இறங்கிச் சிலுவை ஊர்வலம் தெருவில் வரும்போது, பார்க்க வந்தவர்கள் தாமே எருசலேம் கூட்டமாக மாறிவிடுவார்களே, அதை மண்ணிலும் சுண்ணாம்பிலும் நிரந்தரமாக்கிய வேலை இது. இந்த யோசனை பிரான்சிஸ்கன்களுக்குப் புதிதும் இல்லை. 1223-இல் அசிசியின் பிரான்சிஸ் கிரேச்சோ என்ற ஊரில் மாட்டையும் கழுதையையும் நிறுத்தி வைத்துக் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடியதிலிருந்து வரும் மரபு. ஆகவே "பெரிய கிறிஸ்துமஸ் குடில்" என்று நீங்கள் கிண்டலாகச் சொன்னது வரலாற்றுப்படி சரிதான். குடிலுக்குள் நம்மையும் நிற்க வைத்தார்கள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தட்டிகள் எப்போது வந்தன? 1560-களின் பிற்பகுதியில் கலெயாட்சோ அலெஸ்ஸி என்ற கட்டடக் கலைஞர் மலை முழுவதையும் ஒழுங்குபடுத்தப் பெரிய வரைபடத் தொகுப்பு ஒன்றைத் தயாரித்தார். ஆதாம் ஏவாளில் தொடங்கி வரிசையாகக் கதை சொல்வது, ஒவ்வொரு காட்சியையும் தடுப்புக்குப் பின்னால் வைத்து, குறிப்பிட்ட துளை வழியாகப் பார்க்க வைப்பது என்பவை அவர் திட்டத்தின் சாரம். அவர் வரைந்த கட்டடங்களில் பல கட்டப்படவில்லை. ஆனால் வரிசையும் தடுப்பும் நிலைத்துவிட்டன. நடைமுறைக் காரணம் ஒன்று இருந்தது: கூட்டம் சுரூபங்களைத் தொட்டது, முத்தமிட்டது, உடைத்தது, சுவரில் பெயரைக் கீறியது. கொள்கைக் காரணமும் இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம் 1563-இல் முடிந்தபின், திரு உருவங்கள் முன்னால் மக்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் ஆயர்கள் கண்டிப்பானார்கள். மிலான் பேராயர் கார்லோ பொரோமேயோ 1578-இலும், இறப்பதற்குச் சில வாரம் முன்பு 1584 அக்டோபரிலும் இங்கே வந்து தங்கித் தியானம் செய்தார். இரவில் விளக்கை ஏந்திச் சிற்றாலயம் சிற்றாலயமாகச் சென்று செபித்தார் என்று அவர் வரலாறுகள் சொல்லும். 1593 முதல் நொவாரா ஆயராக இருந்த கார்லோ பஸ்காப்பே மலையின் ஒவ்வொரு காட்சியையும் நேரடியாகக் கண்காணித்தார். இந்தக் காலத்தில் கல்வாரியின் கூட்டத்தில் ஒருவராக இருந்த பயணி வெளியே அனுப்பப்பட்டார். தட்டிக்கு முன்னால் முழந்தாளிட்டு, துளையில் கண்ணை வைத்து, பார்வையாளர் ஆனார்.

கௌதென்சியோவின் அறைகளில் உங்களுக்கு ஓவியம் மறைவதாகத் தோன்றியது இதனால்தான். அவை ஒரே இடத்திலிருந்து பார்க்க அமைக்கப்பட்டவை அல்ல. நடந்து பார்க்க வேண்டியதை நிறுத்திவைத்துக் காட்டினால் முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கத்தானே செய்யும்? ஆனால் 1600-க்குப் பிறகு செய்த அறைகளுக்கு இதே சமாதானத்தைச் சொல்ல மாட்டேன். அங்கே கலைஞர்களுக்குத் துளை எங்கே இருக்கும் என்று தெரியும், அந்த இடத்துக்காகவே வரைந்தார்கள். 33-ஆம் சிற்றாலயத்தில் பிலாத்து இயேசுவைக் கூட்டத்துக்குக் காட்டும் "இதோ மனிதன்" காட்சியைப் பாருங்கள். மேலே மாடத்தில் கிறிஸ்து, கீழே சிற்பி ஜொவான்னி தென்ரிக்கோ செய்த சுடுமண் கூட்டம், சுற்றிலும் ஓவியர் மொராட்சோனே வரைந்த மாடங்களிலிருந்து எட்டிப் பார்க்கும் ஆட்கள். துளையிலிருந்து பார்க்கும்போது வரைந்த தூண்களும் கட்டிய தூண்களும் ஒன்றாக இணைகின்றன. நாமும் கீழே கத்துகிற கூட்டத்தின் முதுகுக்குப் பின்னால் சேர்ந்துவிடுகிறோம். "சிலுவையில் அறையும்" என்று கத்துபவர்கள் வரிசையில் நம்மை நிறுத்துகிற இந்தத் தந்திரம் அறைக்குள் நடக்கவிடுவதைவிடக் கொடுமையானது என்றுகூட எனக்குத் தோன்றும். தட்டி வந்ததால் எல்லாம் கெட்டுப்போனது என்று புலம்புபவர்களோடு நான் முழுதாகச் சேராததற்கு இந்த ஓர் அறை போதும்.

யார் முதலில், ஓவியரா சிற்பியா என்று பின்னூட்டத்தில் வேறொருவர் கேட்டிருந்தார். ஒரே விதி கிடையாது. 36-ஆம் சிற்றாலயமான கல்வாரிப் பயணத்தில், இன்றைய பெல்ஜியத்தின் தினான் ஊரிலிருந்து வந்து இங்கே தபக்கெத்தி என்று பெயர் பெற்ற சிற்பி 1600-ஐ ஒட்டிச் சுரூபங்களை முடித்துவிட்டார். மொராட்சோனே சுவரை வரைந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. அதாவது நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிர்: அங்கே ஓவியம்தான் சுரூபங்களைத் தேடி வந்தது. வேறு சில அறைகளில் உறவே ஒத்தாசையாக இருந்தது. தென்ரிக்கோ குடும்பம் அதே பள்ளத்தாக்கின் மேல்முனையில் இருக்கும் அலாஞ்ஞா என்ற ஊரிலிருந்து வந்தது. ஜொவான்னி சிற்பி, அவர் தம்பி அந்தோனியோ ஓவியர். தான்சியோ தா வராலோ என்று கலை வரலாற்றில் இன்று பேசப்படுபவர் அந்தத் தம்பிதான். இயேசு பிலாத்து முன்னால் நிற்பதும் பிலாத்து கை கழுவுவதும் அண்ணன் பிசைந்து தம்பி வரைந்த அறைகள். தான்சியோவின் முகங்களில் ஒரு பதற்றம் இருக்கும். அண்ணனின் சுரூபங்கள் அவ்வளவு பதறுவதில்லை, கொஞ்சம் நிதானமானவை. இரண்டும் சேரும்போது அமைதியாக நிற்கிற ஆளுக்குப் பின்னால் அவன் மனம் பேசுவது போல இருக்கும்.

செய்முறையையும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் "பொம்மை" என்ற சொல் அதை அறியாததால் வருவது. தொடக்ககாலச் சுரூபங்கள் பல மரம். முகம், கை, கால் செதுக்கி, உடலுக்கு நிஜத் துணியைப் பசையும் வெண்சுண்ணமும் கலந்த குழம்பில் தோய்த்துப் போர்த்தி, விறைத்ததும் வண்ணம் தீட்டுவார்கள். தலையில் முடி, சிலவற்றுக்குக் கண்ணாடிக் கண். மரத்தைப் பூச்சி அரிக்கும், துணி இற்றுப்போகும். 1600 வாக்கில் சுடுமண் முழுதாக இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆள் உயர உருவத்தைக் கெட்டியாகச் செய்தால் சூளையில் வெடித்துவிடும். ஆகவே உள்ளே கூடாகச் செய்து, ஈரமாக இருக்கும்போதே துண்டு துண்டாக வெட்டி, தனித்தனியாகச் சுட்டு, அறைக்குள் கொண்டுவந்து பொருத்தி, இணைப்பைச் சுதையால் மூடி வண்ணம் பூசினார்கள். நம் அய்யனார் கோவில் குதிரை செய்யும் வேளார் யாரும் இதைக் கேட்டால் வியக்க மாட்டார், சூளைக்கு எல்லா நாட்டிலும் ஒரே சட்டம்தான். பல அறைகளில் அந்த வண்ணப் பூச்சைச் செய்ததும் ஓவியர்களே. சுரூபத்தின் கன்னமும் சுவரில் இருப்பவரின் கன்னமும் ஒரே நிறமாகத் தெரிவதற்கு அது ஒரு காரணம்.

சுவர் வேலை இதைவிட அவசரமானது. பிரெஸ்கோ என்றால் ஈரமான சுண்ணாம்புப் பூச்சின் மேல், நீரில் கரைத்த நிறத்தை மட்டும் வைத்து வரைவது. பசை கிடையாது. சுண்ணாம்பு காய்கிறபோது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகிறது. நிறத்துகள் அந்தக் கல்லுக்குள்ளேயே சிறைப்படுகிறது. காய்ந்த பிறகு வைக்கும் நிறம் அப்படிப் பிடிக்காது. ஆகவே ஓவியர் அன்றைக்கு முடிக்க முடிந்த அளவுக்கு மட்டும் பூச்சு பூசுவார், மறுநாள் அதன் ஓரத்தை ஒட்டி அடுத்த துண்டு. பக்கவாட்டில் விளக்கடித்தால் ஒவ்வொரு நாளின் துண்டும் தையல் போலத் தெரியும். எந்தத் துண்டு எதன் மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்து வேலை நடந்த வரிசையைச் சொல்லிவிடலாம். ஒரு முகத்துக்கு ஒரு நாள் முழுதும் செலவானதும், பத்துப் பேர் கொண்ட பின்வரிசையை ஒரே நாளில் தள்ளிவிட்டதும் அதில் தெரிந்துவிடும். எங்கள் தொழிலில் இதைவிட ருசியான வேலை இல்லை. செம்புத் தாதிலிருந்து வரும் நீலம் மட்டும் ஈரச் சுண்ணாம்போடு ஒத்துப்போகாது. காய்ந்தபின் பசையில் குழைத்துத்தான் வைக்க வேண்டும். முதலில் உதிர்வதும் அதுதான். பழைய பிரெஸ்கோக்களில் வானமும் மரியாவின் மேலாடையும் மங்கியிருந்தால் ஓவியரைத் திட்டாதீர்கள், நீலத்தைத் திட்டுங்கள். அதற்கு மேல் ஆல்ப்ஸ் அடிவாரத்து ஈரம். சுவருக்குள் ஏறும் தண்ணீர் உப்பைக் கொண்டுவந்து மேற்பரப்பில் விடும், உப்பு படிகமாகும்போது பூச்சைத் தள்ளி உதிர்க்கும். இந்த மலையில் சுமார் 800 சுரூபங்களும் அவற்றைவிடப் பல மடங்கு வரைந்த உருவங்களும் 45 சிற்றாலயங்களில் இருக்கின்றன. ஒரு முனையில் பழுது பார்த்து முடிக்கும்போது மறுமுனை தொடங்கிவிடும்.

சுவரில் கீறிய பெயர்களையும் ஆண்டுகளையும் கவனித்திருப்பீர்கள். பல 16, 17-ஆம் நூற்றாண்டுகளுடையவை. இன்று யாராவது கீறினால் எனக்குக் கோபம் தலைக்கு ஏறும். ஆனால் அந்தப் பழைய கீறல்கள்தான் மக்கள் உள்ளே எதுவரை நடந்தார்கள், எந்த உயரத்தில் கை எட்டியது என்பதற்கு நேரடிச் சான்று. தட்டி வருவதற்கு முந்திய நடைபாதையை அவை காட்டிக்கொடுக்கின்றன.

தரத்தைப் பற்றி ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னால், எல்லா அறையும் கௌதென்சியோ அல்ல. சில சிற்றாலயங்களில் சுரூபங்கள் வரிசையில் நிற்கும் ஆட்கள் போலக் கடமைக்கு நிற்கின்றன, சில இடங்களில் பிற்காலத்தார் பூசிய எண்ணெய் வண்ணம் முகத்தைக் கெடுத்துவிட்டது. ஏரோது மன்னன் ஏவிய மாசில்லாக் குழந்தைகள் கொலையைக் காட்டும் 11-ஆம் அறை எனக்கு அளவுக்கு மிஞ்சியதாகவே படுகிறது. தரையில் கிடக்கும் அத்தனை குழந்தைகளைப் பார்த்தபின் எதையும் உணர முடியாமல் போய்விடுகிறது. ஆனால் கொலையாட்களின் முகங்களை எங்கே கண்டாலும் நின்று பாருங்கள். சிலருக்குக் கழுத்தில் பெரிய கழலை தொங்கும். உணவில் அயோடின் குறைந்த ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் அன்று சாதாரணமாகக் காணப்பட்ட நோய் அது. சிற்பிகள் கெட்டவனைக் காட்ட நோயாளியைப் பிடித்தார்கள் என்பது நமக்கு உறுத்தலாக இருக்கும், உறுத்த வேண்டியதும்தான். இருந்தாலும் தெரிந்த முகங்களையே எருசலேமில் நிறுத்தினார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

இதைச் சிலுவைப் பாதையின் பெரிய வடிவம் என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் ஊர்த் திருத்தலங்களில் குன்று ஏறும் வழியில் வைத்திருக்கும் 14 நிலைகளை நினைத்துச் சொல்லியிருப்பார். உறவு உண்டு, இரண்டையும் பரப்பியவர்கள் பிரான்சிஸ்கன்கள். ஆனால் 14 என்ற எண்ணிக்கையைத் திருத்தந்தை 12-ஆம் கிளமென்ட் உறுதிசெய்தது 1731-இல். வராலோ அதற்கு இரண்டரை நூற்றாண்டு முந்தியது, பாடுகளை மட்டும் சொல்வதும் இல்லை. வரிசையான ஒரே நடையாக அமைந்த திருமலையைப் பார்க்க வேண்டுமானால் வரேசேவுக்குப் போங்கள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திட்டமிட்டது, செபமாலை மறைபொருள்களைச் சொல்லும் 14 சிற்றாலயங்கள், இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். அங்கே மூன்றாம் சிற்றாலயத்தின் வெளிச்சுவரில் ரெனாத்தோ குத்தூசோ 1983-இல் எகிப்துக்கு ஓடும் திருக்குடும்பத்தை அக்ரிலிக்கில் வரைந்திருக்கிறார். அகதிகள் போலவே இருப்பார்கள். புனித பிரான்சிஸின் வாழ்க்கையைச் சொல்லும் ஓர்த்தா ஏரிக்கரையின் 20 சிற்றாலயங்களும் நடப்பதற்கு இனிமையானவை. இப்படி ஒன்பது மலைகளை 2003-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மறுபடி போனால் காலையில் போங்கள், சிறிய டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். சுரூபத்தின் மேல் நேராக அடிக்காமல் பக்கத்திலிருந்து காட்டுங்கள். தாழ்வான துளைகளைக் குழந்தைகளுக்கானவை என்று விட்டுவிடாதீர்கள், முழந்தாளிடுபவருக்காக வைத்தவை அவை. அறை அந்த உயரத்தில்தான் சரியாக விரியும். இரண்டு நிமிடம் கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுங்கள்.

கடைசியாக உங்கள் மூன்றாவது படம். அது 40-ஆம் சிற்றாலயம், சிலுவையிலிருந்து இறக்கிய மகனின் உடலோடு தாய் இருக்கும் காட்சி. நீங்கள் பார்த்தது சரி: சுவரில் இருக்கும் கூட்டம் அந்த உடலைக் கண்டுகொள்ளவில்லை, கண்டுகொள்ளவும் முடியாது. அந்த அறை முதலில் கல்வாரிக்குச் சிலுவை சுமந்து போகும் காட்சிக்காகச் செய்தது. சுவரைக் கௌதென்சியோ அதற்காக வரைந்தார். பிறகு கதை வரிசையை மாற்றியபோது கல்வாரிப் பயணம் 36-ஆம் அறைக்குப் போனது. காலியான இடத்தில் 17-ஆம் நூற்றாண்டில் ஜொவான்னி தென்ரிக்கோவின் சுரூபங்களை வைத்தார்கள். நல்லவேளையாகச் சுவரைச் சுண்ணாம்படித்து மறைக்கவில்லை. இந்த ஒரே ஓர் அறையைப் பொறுத்தவரை, சுரூபங்களைப் பிற்காலத்தில் யாரோ கொண்டுவந்து வைத்தார்கள் என்ற உங்கள் சந்தேகம் சரிதான். சுவரில் இருப்பவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிற ஒருவரோடு மலை ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.